ஜன்னலின் சட்டம்

விமர்சகன் உபயோகிக்கும் சொற்களுக்கு அதிகாரம் கிடையாது. ஒரு கவிதையின் சுபாவம் இது, தோற்றம் இப்படி, இந்த வரி வந்ததால் முழுமைக்குப் பங்கம் வந்துவிட்டது என்றெல்லாம் எழுதுகிறோம். கவிஞர் கோபித்துக்கொள்ளலாம், பேசாமலும் இருந்துவிடலாம். வரி அப்படியே இருக்கும். இங்கிலாந்தில் இதே சொற்கள் 1967லிருந்து சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை உபயோகிப்பவர் நகராட்சியின் திட்டப் பிரிவு உத்தியோகஸ்தர். அவர் எழுதும் விமர்சனம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. அதைப் பொறுத்து, ஒரு வீட்டின் முன்னறையில் ஜனவரி மாதக் குளிர் எவ்வளவு என்பது தீர்மானமாகிறது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு விமர்சனம் வந்தது. நான் படித்த கறாரான விமர்சனங்களில் அதுவும் ஒன்று.

வீடு தென் லண்டனில் இருக்கிறது. 1880களில் ஒரே வேலையாக எழுப்பிய செங்கல் வரிசையில் ஒன்று. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரரோடு பொது. முன்னால் தோட்டம் என்று சொல்லிக்கொள்ளும் நாலடி இடம். அதை ஒட்டி, தெருவை நோக்கி மூன்று பட்டையாகத் துருத்தி நிற்கும் ஜன்னல் – பே ஜன்னல் என்பார்கள். இந்தத் தெருவும் சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருக்களும் சட்டப்படி ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’. வீடு தனியாக எந்தப் பட்டியலிலும் இல்லை. பெரிய மனிதர் யாரும் இதில் பிறக்கவோ சாகவோ இல்லை. தெருவில் ஒன்றாக நிற்பதுதான் அதன் தகுதி.

அதுவரை தனித்தனிக் கட்டிடங்களைக் காத்துவந்த சட்டம், ஒரு தெருவை, ஒரு சதுக்கத்தை, ஊரின் ஒரு பாகத்தையே காக்கலாம் என்று ஆனது 1967இன் ‘சிவிக் அமெனிட்டீஸ்’ சட்டத்தால். கட்டிடக் கலை காரணமாகவோ சரித்திரம் காரணமாகவோ விசேஷமான பகுதிகளில், எவற்றின் சுபாவத்தை அல்லது தோற்றத்தைக் காப்பதோ மேம்படுத்துவதோ விரும்பத்தக்கதோ, அவற்றை நகராட்சிகள் கண்டு அறிவிக்க வேண்டும் என்றது அது. அதே வருஷம் முதலில் அறிவிக்கப்பட்ட ஊர் லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட். இன்று இங்கிலாந்தில் மட்டும் சுமார் 10,000 பகுதிகள் இருக்கின்றன. 1990இல் சட்டத்தைத் தொகுத்துப் புதிதாக எழுதியபோதும் அந்த வாக்கியம் பிழைத்துக்கொண்டது. ஸ்டாம்ஃபோர்டில்தான் ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச்சை பிபிசி தொலைக்காட்சித் தொடராகப் படமெடுத்து 1994இல் ஒளிபரப்பியது. தோற்றத்தைக் காத்தால் அதனால் முதலில் பயன்பெறுவது காமிராதான் போலிருக்கிறது.

சட்டத்தைப் பார்லிமெண்டுக்குக் கொண்டுவந்தவர் டங்கன் சாண்டிஸ். ஒரு காலத்தில் சர்ச்சிலின் மருமகனாயிருந்தவர், காலனி நாடுகளின் மந்திரியாயிருந்தவர். 1967லும் 1968லும் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்துகொண்டிருந்த ஆசியர்களைத் தடுத்தாக வேண்டுமென்று ஈனாக் பவலோடு சேர்ந்து உரக்கக் குரல் கொடுத்தவரும் இவரே. 1968இல் அவர் கேட்ட சட்டமும் வந்தது. தெருவின் சுபாவத்தைக் காக்க ஒரு சட்டம், தெருவுக்குள் யார் வரக்கூடாது என்று இன்னொன்று. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது மிகச் சுலபம். சுலபமாயிருப்பதாலேயே நான் போடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மனிதரின் ஒரே வருஷத்து அக்கறைகள் என்பதை மறந்துவிட்டு முன்னறை ஜன்னலைப் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் எங்கே நின்று பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் அது நுழைவதேயில்லை. பட்டியலில் சேராத வீடானால் உள்ளே கணப்படுப்பைப் பெயர்த்து எறியலாம், கூரையின் சுண்ணாம்புப் பூவேலையைச் செதுக்கித் தள்ளலாம், இந்தச் சட்டம் கேட்காது (கட்டுமானப் பத்திரத்துக்கான விதிகள் வேறு). பின்பக்கம் கொஞ்சம் தாராளம். வரிசை வீடாயிருந்தால் ஒரு தளத்துக்கு மேற்படாமல் மூன்று மீட்டர் வரை அறை இழுத்துக்கொள்ள அனுமதி வேண்டாம். பக்கவாட்டில் இழுக்க அனுமதி வேண்டும். கூரையைப் புடைத்து அறை எடுக்கவும் வேண்டும். சுவர்மேல் ஓடு, பிளாஸ்டிக், சிமெண்டுப் பூச்சு என்று எதைப் போர்த்தவும் வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள மரத்தை வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்னால் அறிவிக்க வேண்டும். விதிகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர் ‘தெருவை நோக்கிய’ என்பது. நடைபாதையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு எட்டுவது எதுவோ, அதுதான் வீடு.

இந்தக் கண் எங்களவர்களைச் சந்தித்த முதல் இடம் ஜன்னல் அல்ல, டிஷ். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்ச் சானல்கள் சாட்டிலைட் வழியே லண்டனுக்கு வர ஆரம்பித்தபோது வீட்டுக்கு வீடு தட்டு முளைத்தது. சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. லண்டன் தட்டு தெற்கே பார்த்தே தீர வேண்டும். தெற்கு வாசல் வீடு, நம்மூரில் ஒரு மாதிரி என்பார்கள், இங்கே அதற்கு வேறு தோஷம்: தெருவை நோக்கி, தெருவிலிருந்து தெரியும்படி, சுவரிலோ புகைபோக்கியிலோ கூரைச் சரிவிலோ தட்டு மாட்டக் கூடாது. என் நண்பர் ஒருவர் பின் தோட்டத்தின் கடைக்கோடியில் கம்பம் நட்டு, வீட்டின் கூரையைத் தாண்டி வானத்தைப் பார்க்கும்படி தட்டைப் பொருத்தினார். மழை வந்தால் மெகா தொடர் கட்டம் கட்டமாக உடையும். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் வருகிறது. கம்பத்தில் அவரை ஏறியிருக்கிறது.

இவ்வளவு விதிகளுக்கிடையிலும் ஜன்னலை மாற்றுவது பெரும்பாலான பகுதிகளில் வீட்டுக்காரர் பொறுப்பு. புதியது பழையதைப் போலத் தோன்றினால் போதும். எங்கள் தெருவில் அதுவும் இல்லை. ‘ஆர்ட்டிகிள் 4’ ஆணை என்று ஒன்று உண்டு. நாடு முழுவதும் பொதுவாகக் கொடுத்த உரிமைகளை ஒரு தெருவில் மட்டும் பெயர் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆணை. எங்கள் தெருவில் எடுத்துக்கொண்டவை: தெருவை நோக்கிய ஜன்னல், வாசற்கதவு, கூரை ஸ்லேட், முன் மதில், செங்கல்லுக்கு வர்ணம் அடிப்பது. 2018 ஜனவரிக்கு முன் இப்படி எடுத்துக்கொண்ட உரிமைக்காக மனுப் போட்டால் கட்டணம் கிடையாது. எடுத்தது நாம்தானே என்ற கூச்சம் சட்டத்துக்குக் கொஞ்சம் இருந்தது. அதன்பின் கட்டணம் வாங்கலாம் என்றாகிவிட்டது.

அம்மாவுக்கு 81 வயதில் மாடி ஏற முடியாமல் போனபோது முன்னறை அவளுடையதாயிற்று. பே ஜன்னலின் உள்விளிம்பில் பலகை அடித்து மெத்தை போட்டோம். முதல் நாளே அதைத் திண்ணை என்றாள். கும்பகோணத்துப் பக்கம் ஐம்பது வருஷம் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தவளுக்கு இதற்குப் பெயர் தேடவேண்டி வரவில்லை. எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பதினொன்றுக்குத் தபால்காரர், குப்பை வண்டி வியாழக்கிழமை, எந்த வீட்டு நாயை எந்த வீட்டுப் பெண் கூட்டிக்கொண்டு போகிறாள் – இருபது வருஷமாக இங்கே இருக்கும் எனக்குத் தெரியாத தெரு மூன்று மாதத்தில் அவளுக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் அவளிடம் இருந்தது நாற்பது வார்த்தை. அவற்றில் பத்தைக்கூடச் செலவழிக்காமல் பாதித் தெருவைக் கையசைக்க வைத்திருந்தாள்.

ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. மேலும் கீழும் நகரும் மரச் சட்டங்கள். உள்ளே பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடை அவற்றைத் தாங்குகிறது. 130 வருஷத்தில் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. காலையில் கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்து வழிந்து மெத்தை நனையும். நவம்பரில் பிடித்த இருமல் ஏப்ரல்வரை நிற்கவில்லை. டாக்டர் அறையை மாற்றச் சொன்னார். மாற்ற வேறு அறை இல்லை.

“ஜன்னல மாத்தேன்டா. என்ன, ராஜா கோட்டையா இது?” என்றாள்.

தமிழில் இது வசதியா வம்பா தெரியவில்லை: ஜன்னலைச் சுற்றியிருப்பதும் சட்டம், பார்லிமெண்டு போடுவதும் சட்டம். “இந்தச் சட்டத்த மாத்த அந்தச் சட்டம் விடாதும்மா” என்றேன். அவளுக்கு அது விளக்கமாயில்லை, சிரிப்பாயிருந்தது. சிரித்ததில் இருமல் வந்தது.

மனுப் போட்டேன். இரட்டைக் கண்ணாடி வைத்த வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல். பழையதன் அதே பிரிவுகள், அதே மாதிரி மேலும் கீழும் நகர்வது. மரத்திலேயே இரட்டைக் கண்ணாடி செய்து தருவதற்குத் தச்சர்கள் சொன்ன விலை இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மனுவோடு இன்னொன்றும் தர வேண்டியிருந்தது: வீட்டின் முக்கியத்துவம் என்ன, மாற்றத்தால் அதற்கு என்ன நேரும் என்று மனுதாரரே எழுதிய அறிக்கை. குற்றம் சாட்டப்பட்டவரையே குற்றப்பத்திரிகை எழுதச் சொல்வது போன்ற காரியம். ஆனால் எழுதுகிற பழக்கமுள்ளவனுக்கு அதில் ஒரு சபலமும் இருக்கிறது. இரண்டு மாதம் அதில் மூழ்கிப்போனேன்.

முதலில் யார் இருந்தார்கள் என்று பார்த்தேன். இங்கே ஜனத்தொகைக் கணக்கு ஏடுகள் நூறு வருஷம் கழித்துத்தான் பொதுப்பார்வைக்கு வரும். 1921இன் ஏடு 2022 ஜனவரியில் திறந்தது. 1891இல் இந்த வீட்டில் ஒரு குமாஸ்தா, மனைவி, நாலு குழந்தைகள், ஒரு வேலைக்காரப் பெண். 1911இல் வேறு குடும்பமும் இரண்டு வாடகைக்காரர்களும். 1921இல் மூன்று குடும்பங்கள், பதினோரு பேர். அதோடு வழி அடைபட்டுவிடுகிறது. 1931இன் ஏடுகள் 1942இல் தீப்பற்றிப் போயின. 1941இல் யுத்தம், கணக்கே எடுக்கவில்லை. 1951இன் ஏடு 2052இல்தான் திறக்கும். மிச்சம் பக்கத்து வீட்டு அம்மையார் சொல்லித் தெரிந்தது. அவர் இந்தத் தெருவிலேயே பிறந்தவர். 1950களில் இந்த வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்களாம். அம்மாவின் முன்னறையில் டிரினிடாடிலிருந்து வந்த பஸ் கண்டக்டரும் அவர் குடும்பமும். ஒரே அறையில் ஐந்து பேர், மெழுகெண்ணெய் அடுப்பு, கண்ணாடியின் உட்பக்கம் இதே நீர்.

அடுத்து, ஜன்னல் எப்படி வந்தது என்று படித்தேன். இதுதான் எனக்கு ஆச்சரியம். எந்தத் தோற்றத்தைக் காக்க இன்றைய விதிகள் பாடுபடுகின்றனவோ, அந்தத் தோற்றமே பழைய விதிகளால் பிறந்தது. 1666இல் லண்டன் எரிந்தது. அதன்பின் வந்த சட்டங்கள் மரம் சுவருக்கு வெளியே தெரிவதைக் கண்டு பயந்தவை. 1709இன் சட்டம் ஜன்னல் சட்டத்தைச் சுவரின் முகப்பிலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளியது. 1774இன் சட்டம் எடை தொங்கும் பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து முகப்புகளின் அந்த நிழல் விழும் ஆழம், புத்தகம் புத்தகமாகப் புகழப்படுவது, தீயணைப்பு யோசனை. கண்ணாடிக்கான தீர்வை 1845இலும், ஜன்னலுக்கு இத்தனை என்று வாங்கிய வரி 1851இலும் ஒழிந்தன. பெரிய கண்ணாடி மலிவாயிற்று. விக்டோரியா காலத்தவர்கள் சிறு சிறு கட்டங்களாயிருந்த பழைய ஜன்னல்களைக் கூச்சமில்லாமல் பிடுங்கிவிட்டுப் பெரிய கண்ணாடி வைத்தார்கள். பெரிய கண்ணாடியின் பாரத்தில் சட்டத்தின் மூலை விட்டுப்போகாமலிருக்க மேல் சட்டத்தின் பக்கக் கட்டைகளைக் கீழே கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். அந்த நீட்டலுக்குக் ‘கொம்பு’ என்று பெயர். இன்று எங்கள் பகுதியின் வழிகாட்டி நூல் அந்தக் கொம்பின் வளைவைப் படம் போட்டுக் காக்கச் சொல்கிறது. அகலமான தெருக்கள், வரிசையாக வீடுகள், பின்னால் காற்றுக்கு முற்றம் என்று வீடுகளை ஒன்றுபோலாக்கியதில் 1875இன் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கும் அதையொட்டிய உபவிதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு தெருவின் சுபாவம் என்று இன்று நாம் சொல்வது, குத்தகைதாரர்களின் லாப ஆசையும் தீயின் பயமும் காலரா பயமும் வரிகளும் சேர்ந்து போட்ட கூட்டல்.

இவற்றை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பஸ் கண்டக்டரையும் எழுதினேன்.

பகுதிக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பீட்டு நூல் இருந்தது, நகராட்சி வெளியிட்டது. அதில் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வர்ணம்: பகுதியின் சுபாவத்துக்கு நற்பங்களிப்பது, நடுநிலையானது, கெடுப்பது. எங்களுடையது நற்பங்களிப்பது. ஆணை வருவதற்கு முன்பே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்ட எதிர் வீடு நடுநிலை. மூலைக் கடைக்கு மேலுள்ள கட்டிடம் கெடுப்பது. இலக்கியச் சரித்திரம் எழுதும் நம் பேராசிரியர்கள் இதைவிடச் சுருக்கமாகச் செய்ய முடியாது. ஆனால் ஒரு நியாயம் – இவர்கள் எல்லாக் கட்டிடத்தையும் ஒருமுறையாவது நின்று பார்த்திருக்கிறார்கள்.

விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டினார்கள். 21 நாள், யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதலாம். எழுதியது எல்லார் பார்வைக்கும் வைக்கப்படும். மூன்று கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் எதிர்த்து எழுதியிருந்தார். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை கேக் கொண்டுவந்து கொடுப்பவர், வார்த்தையில்லாமல் அவளோடு அரைமணி உட்கார்ந்திருப்பவர். கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒன்றுமில்லை. வரிசையின் ஒருமை, பிளாஸ்டிக்கின் தட்டைப் பளபளப்பு, சட்டங்களின் பருமன் என்று விஷயத்தை மட்டும் எழுதியிருந்தார். எழுதியது சரியாகவும் இருந்தது. அடுத்த வாரமும் கேக் வந்தது. அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நம்மில் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் கிழித்துவிட்டு இப்படி எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க முடியுமா என்று யோசித்திருக்கிறேன்.

உத்தியோகஸ்தர் ஒரு நாள் வந்தார். இளைஞர், மரியாதையானவர். எதிர்ப்புற நடைபாதையில் நின்று படமெடுத்தார். உள்ளே வரச் சொன்னேன். அவசியமில்லை என்றார். அம்மா ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். அவரும் கையசைத்தார். அவர் எடுத்த படம் அறிக்கையோடு இருக்கிறது. அதில் கண்ணாடியில் எதிர்வீட்டுக் கூரையும் மேகமும் விழுந்திருக்கின்றன. அம்மா தெரியவில்லை.

சட்டத்தின் பார்வை இந்தப் படம்தான் என்பது என் கட்சி. ஜன்னல் என்பது தெருவிலிருந்து பார்க்கப்படும் வஸ்து என்று அது முடிவு செய்திருக்கிறது. உள்ளேயிருந்து தெருவைப் பார்ப்பதற்காகத்தான் அதை வைத்தார்கள் என்பதற்கு விதிகளில் இடமில்லை. சட்டத்தின் வாக்கியத்தில் ‘சுபாவம் அல்லது தோற்றம்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. சுபாவம் என்பதில் தெருவின் பழக்கவழக்கம், சத்தம், யார் யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அடங்க வேண்டும். அப்படி வாதாடவும் வழி உண்டு. ஆனால் நடைமுறையில் தோற்றத்தை அளக்கலாம், படமெடுக்கலாம். ஜன்னலில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பதால் தெருவுக்கு வரும் சுபாவத்தை எந்த வர்ணத்தில் குறிப்பது?

அறிக்கை எட்டு வாரத்துக்குள் வந்துவிட்டது. என் நாலு பக்கம் ‘நன்கு பாதுகாக்கப்பட்ட பின்விக்டோரியக் கால வரிசை’ என்று அரை வாக்கியமாகியிருந்தது. பிறகு முடிவு: பகுதியின் முக்கியத்துவத்துக்கு ‘கணிசமானதற்குக் குறைந்த’ தீங்கு. இந்தத் தொடர் 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கையில் இருப்பது. தீங்கு கணிசமானது, கணிசமானதற்குக் குறைந்தது என இரண்டு வகை. குறைந்ததாயிருந்தாலும் தீங்கு தீங்குதான், அதைப் பொதுநன்மையோடு தராசில் வைக்க வேண்டும். எரிபொருள் மிச்சம் பொதுநன்மை என்பதை ஒப்புக்கொண்டு, மரத்திலேயே செய்தாலும் அது கிடைக்குமே என்றிருந்தார். மூன்று மடங்கு விலை அவர் விஷயமல்ல. மனுதாரர் தாயாரின் உடல்நிலை அனுதாபத்துக்குரியது, எனினும் தனிப்பட்டது. தனிமனித சூழ்நிலை மாறிவிடும், கட்டிடம் நிற்கும் என்றும் ஒரு வாக்கியம். அதாவது அம்மா சீக்கிரம் போய்விடுவாள், ஜன்னல் இருக்கும். பொய்யில்லை. விமர்சனத்தில் ஈரமில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. ஈரம்தான் ஜன்னலில் வழிகிறதே.

‘காப்பது’ என்ற சொல்லின் அர்த்தத்தை முடிவு செய்யப் பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. கம்ப்ரியாவில் கார்ட்மெல் என்ற கிராமம். போதகர் வீட்டு வளாகத்தில் புதிதாக ஒரு வீடு கட்டலாமா என்று வழக்கு. புதியது பகுதிக்கு நல்லது செய்தால்தான் அனுமதிக்கலாம் என்று வாதம். கெடுக்காமல் விட்டாலே காத்ததாகும் என்று 1992இல் தீர்ப்பாயிற்று. விமர்சகர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பை வாசிக்கக் கொடுக்கலாம். எனக்கு உதவவில்லை. பிளாஸ்டிக் கெடுக்கிறது என்பதுதானே அறிக்கை.

இதையெல்லாம் வசதிபடைத்தவர்களின் வறட்டு ரசனை என்று தள்ளிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். தள்ள முடியவில்லை. பத்து நிமிஷ நடையில் ஆணையில்லாத ஒரு தெரு இருக்கிறது. எங்கள் தெருவின் அச்சு. இப்போது ஒரு வீடு கல் போர்த்தியிருக்கிறது, ஒன்று சிமெண்டு, ஜன்னல்கள் ஆளுக்கொரு கணக்கில் துண்டுபட்டிருக்கின்றன, மதில் இடித்துக் கார் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே எல்லோரும் வெதுவெதுப்பாக இருப்பார்கள். ஆனால் அங்கே நடக்கும்போது ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்காத கூட்டத்தில் நிற்பது போலிருக்கிறது. எங்கள் ஊர் வீட்டை 2009இல் விற்றோம். வாங்கியவர் ஒரு வாரத்தில் இடித்தார். திண்ணை, தூண், முற்றம் எதற்கும் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிய வீடு தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கிறதா என்பதைத்தான் விதி கேட்டது. தெருவை ஒட்டாமல் திண்ணை ஏது? அங்கே விதியே திண்ணைக்கு எதிரி. இங்கே விதி தெருவை மதிக்கிறது, திண்ணையில் உட்கார்ந்திருப்பவளை மதிக்க மறுக்கிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன், முணுமுணுத்துக்கொண்டே.

பழங்கட்டிடங்களைக் காக்க 1877இல் லண்டனில் முதல் சங்கம் ஆரம்பித்தவர் ஒரு கவிஞர், வில்லியம் மோரிஸ். அவர் சண்டை இடிப்பவர்களோடு மட்டுமில்லை, புதுப்பிப்பவர்களோடும்தான். கோயிலைச் சுரண்டிச் சுரண்டி ‘மூலத் தோற்றம்’ என்று தாம் கற்பித்துக்கொண்ட ஒன்றை வரவழைத்தவர்களை அவர் வெறுத்தார். ஒழுகுகிறதா, அடை. சாய்கிறதா, முட்டுக் கொடு. போனதைப் போனதாக விடு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். எதிர் வீட்டுக்காரர் இப்போது தம் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு 1885இன் ஜன்னலைப் ‘புதிதாக’ வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் நடுநிலையிலிருந்து நற்பங்களிப்புக்கு உயர்வார். மோரிஸ் என்ன சொல்லியிருப்பாரோ.

மேல்முறையீட்டுக்கு 12 வாரம் இருந்தது. நான் போகவில்லை. ஒரு தச்சரைக் கூட்டிவந்தேன், போலந்துக்காரர், பழைய ஜன்னல்களில் தேர்ந்தவர். அவர் ஜன்னலின் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தார், சத்தம் பொள்ளலாயிருந்தது. ஏழெட்டுப் பூச்சு வர்ணத்தைக் கீறித் திறந்தால், உள்ளே மடித்து வைத்தபடி மரக் கதவுகள். நாலு மடிப்பு, பித்தளைக் கீல். கட்டியபோதே வைத்தவை. எந்தக் காலத்திலோ ஆணியடித்துப் பூசி மறந்துவிட்டார்கள். கயிறுகளை மாற்றினார், சட்டங்களின் விளிம்பில் பள்ளமெடுத்து மயிரிழைப் பட்டை பதித்தார், உட்பக்கம் மெல்லிய சட்டத்தில் இரண்டாவது கண்ணாடி ஒன்று தனியாக வைத்தார். இவை எதற்கும் அனுமதி வேண்டாம், தெருவை நோக்கியவை அல்ல. நல்ல மரக் கதவோ உட்கண்ணாடியோ ஜன்னல் வழியே போகும் சூட்டில் பாதிக்கு மேல் நிறுத்திவிடும் என்று இங்கே ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். செலவு பிளாஸ்டிக்கைவிடக் கொஞ்சம் குறைவு. 1950களில் அந்த ஐந்து பேர் குளிரில் உட்கார்ந்திருந்தபோதும் கதவுகள் அந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருந்திருக்க வேண்டும்.

இருமல் அந்த வருஷம் பாதியாகக் குறைந்தது. அம்மாவுக்கு வேறு குறை. “கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணாடி. சத்தமே வரல. ஊமப்படம் மாதிரி இருக்குடா” என்றாள். மத்தியானம் ஒரு மணிநேரம் உள் கண்ணாடியைத் தள்ளி, வெளி ஜன்னலை நாலு விரல் உயர்த்தி வைப்பது வழக்கமாயிற்று. 2024 பிப்ரவரியில் அவள் போனாள். பக்கத்து வீட்டு அம்மையார் மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு அட்டையில் ஜன்னல் படம் வரைந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் மூன்று பட்டையும் கொம்பும் சரியாக வந்திருந்தன.

கொள்கை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் தேசியக் கொள்கையைத் திருத்தியபோது, இருக்கும் வீடுகளின் எரிபொருள் சிக்கனத்துக்கு அதிக கனம் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியாயிருந்தால் அதற்கான விதிகளையும் பார்க்க வேண்டும் என்று உடனே ஒரு வாலும் வைத்தார்கள். இந்த மாதம் விளக்குக் கம்பத்தில் வேறு நோட்டீஸ் தொங்குகிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் இளம் தம்பதி முன் ஜன்னல்களில் மெல்லிய இரட்டைக் கண்ணாடி கேட்டிருக்கிறார்கள், மரத்தில்தான். ஆதரித்து ஒரு கடிதம் எழுதினேன்: சட்டங்களின் பருமன், கொம்பின் வளைவு, கண்ணாடியில் பிம்பம் விழும் விதம். அவர்கள் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்பதையும் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அனுப்புமுன் அதை அடித்துவிட்டேன். அதை எண்ண மாட்டார்கள். முடிவு தெரிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.